ஆஞ்சியோவுக்கு ஒரு வால் உண்டு



இது நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள், ஆனால் பாதியில் விட்டுவிடாதீர்கள். பின்பாதியை விட்டுவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்ததே.

நம் பக்கத்தில் யாருக்காவது நெஞ்சுவலி என்று கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ கூட்டிப்போனால், மறுநாள் தெருவில் என்ன பேச்சு வரும்? "ஆஞ்சியோ பண்ணிட்டாங்களாம்." எந்த ஆஞ்சியோ என்று கேட்டால், "அதான் சார், ஆஞ்சியோ!" என்பார்கள்.

ஆஞ்சியோ என்றால் ரத்தக்குழாய். அவ்வளவுதான். அந்தக் குழாயை என்ன செய்தார்கள் என்பது சொல்லின் வாலில் இருக்கிறது. ஆஞ்சியோகிராம் என்றால் மருந்தைச் செலுத்திக் குழாயைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் அடைப்பைப் பலூனால் விரித்துச் சரிசெய்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஸ்டென்ட்டும் வைத்திருப்பார்கள். ஒன்று பார்த்தது, மற்றது செய்தது. செலவு வேறு, பிறகு சாப்பிட வேண்டிய மாத்திரை வேறு, இருக்க வேண்டிய ஜாக்கிரதை வேறு. நாமோ வாலை வெட்டி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்கிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிற படங்களில் பாதி, காலை வணக்கப் பூக்கள். மீதிப் பாதி, ஆஸ்பத்திரிச் சீட்டுகள். "சார், இது என்ன வார்த்தை?" "மாமா, இதுக்கு என்ன அர்த்தம்?" நான் வைத்தியன் இல்லை, இங்கிலீஷ் வாத்தியார். ஆனால் அந்தச் சொற்களை உடைத்துப் பார்க்க வைத்தியம் படிக்க வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் நாம் உடைத்து விளையாடிய அதே சொற்கள்தான் அவை.

ஞாபகம் இருக்கிறதா? கரும்பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சொல்லை எழுதிவிட்டு, "யார் படிக்கிறீர்கள்?" என்று கேட்பேன். ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன், 29 எழுத்து. 2018-இல் சசி தரூர் அதை ட்விட்டரில் எடுத்துவிட்டபோது நாடே அகராதியைப் புரட்டியது, உங்களில் எத்தனை பேர் அன்றைக்கு எனக்குப் போன் செய்து "சார், நம்ம வார்த்தை!" என்று சிரித்தீர்கள்! அதை வெட்டினால் என்ன வரும்? ஃப்ளாக்சி, நாசி, நிஹிலி, பிலி. நான்கும் லத்தீன் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்: "ஒன்றுமில்லை, துரும்புக்குச் சமம்." ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்குவதை நான்கு தடவை சொல்லி, கடைசியில் ஃபிகேஷன் என்று ஒரு வால். அவ்வளவுதான் சங்கதி. பயம் போய்விட்டது.

அதைவிட நீளம், 45 எழுத்துக்காரர்: நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். நியூமோனோ, நுரையீரல். அல்ட்ரா, அதற்கும் அப்பால். மைக்ராஸ்கோபிக், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. சிலிகோ, மணலில் இருக்கிற சிலிகா. வால்கேனோ, எரிமலை. கோனி, தூசி. ஓசிஸ், நோய்நிலை. எரிமலையின் மிக நுண்ணிய சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். 1935-இல் அமெரிக்கப் புதிர்க்காரர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித் என்பவர் நீளத்துக்காகவே கோத்த சொல் இது. எந்த டாக்டரும் சீட்டில் இதை எழுத மாட்டார். ஆனால் அதற்குள் இருக்கிற துண்டுகள் எல்லாம் நிஜம். கல்குவாரியிலும் வார்ப்பட ஆலையிலும் மணல் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வருகிற சிலிகோசிஸ், விளையாட்டு அல்ல.

அந்த வகுப்பில் நான் உங்களுக்குக் காட்டியது நம் ஊர்க் கைத்தொழிலைத்தான். சுவாமிமலையில் பிறந்தவர்களுக்கு ஒடியோலை தெரியும். ஸ்தபதி ஒரு விக்கிரகத்துக்கு மெழுகு பிடிக்கும் முன், தென்னை ஓலையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு. டேப் வேண்டாம், அடிக்கோல் வேண்டாம். ஓலை எவ்வளவு நீளமானாலும் மடிக்கிற இடம் தெரிந்துவிட்டால் அளவு கைக்கு வந்துவிடும். நீங்களும் நோட்டுத் தாளை நீளமாகக் கிழித்து, சொல்லை எழுதி, மடித்தீர்கள். இங்கிலீஷின் நீளச் சொல்லும் மடித்துப் படிக்க வேண்டிய ஓலை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. "படித்துக்கொண்டிருந்திருக்கமாட்டார்கள்" என்று நாம் மூச்சுவிடாமல் சொல்கிறோம். ஐந்து துண்டு. முதல் துண்டு என்ன வேலை என்று சொல்கிறது. கடைசித் துண்டு அது நடந்ததா இல்லையா என்று சொல்கிறது. "மாட்டார்கள்" என்பது காதில் விழாவிட்டால் கதையே தலைகீழ். தீர்ப்பைக் கடைசியில் வைக்கிற மொழி நம்முடையது. ஆஸ்பத்திரிச் சொற்களும் அப்படித்தான். தலை, உடம்பில் எந்த இடம் என்று சொல்லும். வால், அந்த இடத்துக்கு என்ன வந்தது, என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லும்.

இன்னொன்றும் பாருங்கள். இரைப்பை, கருப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை. நான்கிலும் "பை" இருக்கிறது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், மூன்றிலும் "ஈரல்". ஒரே எழுத்துகள் வந்தால் ஒரே இனம். கிரேக்கத்தில் பைக்குச் சிஸ்ட் என்று பெயர், பித்தத்துக்குக் கோலெ. இரண்டையும் சேர்த்தால் கோலெசிஸ்ட். அப்படியே நம் பித்தப்பை! சீட்டில் "கோலெசிஸ்டெக்டமி" என்று பார்த்ததும் நெஞ்சு படபடக்க வேண்டாம். பித்தம், பை, பிறகு ஒரு வால்.

இனி வால்களுக்கு வருவோம். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வாத்தியார் புத்தி போகவில்லை.

ஐ-டி-ஐ-எஸ், ஐட்டிஸ். அழற்சி. சிவந்து, வீங்கி, வலிக்கிற நிலை. அப்பெண்டிசைட்டிஸ் குடல்வாலில், டான்சிலைட்டிஸ் தொண்டைச் சதையில், ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையில், ஹெபடைட்டிஸ் கல்லீரலில். ஆனால் இந்த வால் காரணத்தைச் சொல்லாது. ஹெபடைட்டிஸ் கிருமியால் வரலாம், குடியால் வரலாம், சில மருந்துகளாலும் வரலாம். "ஹெபடைட்டிஸா, அப்ப குடிகாரன்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஓ-எம்-ஏ, ஓமா. திரட்சி, கட்டி. இந்த மூன்றெழுத்துதான் நம் வீடுகளில் அதிகம் தூக்கத்தைக் கெடுக்கிறது. கார்சினோமா புற்றுநோய்தான். லிம்ஃபோமாவும் மெலனோமாவும் அந்த வகைதான். ஆனால் லைப்போமா வெறும் கொழுப்புக்கட்டி, பெரும்பாலும் தொந்தரவு செய்யாமல் தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும். ஹீமடோமா, ரத்தம் கட்டி நிற்பது. கிளாக்கோமா கட்டியே அல்ல, கண் நோய். வால் ஒன்றாக இருப்பதால் விதியும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. தலையையும் படியுங்கள்.

ஈ-எம்-ஐ-ஏ, ஈமியா. ரத்தத்தில். அனீமியா ரத்தசோகை, முன்னால் நிற்கிற "அன்" என்பது "இல்லை" என்று பொருள் தரும். லுக்கீமியாவில் லுக் என்றால் வெள்ளை, வெள்ளணுக்களைப் பற்றியது.

எஸ்-சி-ஓ-பி-வை, ஸ்கோபி. பார்த்தல். எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி, லாப்ராஸ்கோபி. டெலஸ்கோப்பில் இருக்கிற அதே எழுத்துகள்.

ஜி-ஆர்-ஏ-எம், கிராம். எழுதிக் காட்டுவது, பதிவு. கார்டியோகிராம், மாமோகிராம். நாம் படித்த கிராமருக்கும் இதே வேர்தான்.

பி-எல்-ஏ-எஸ்-டி-வை, பிளாஸ்டி. இது சுவாமிமலைக்காரர்களுக்குச் சொந்தமான வால். மூலச் சொல்லுக்குக் களிமண்ணிலோ மெழுகிலோ உருவம் பிடித்தல் என்று பொருள். நம் ஸ்தபதிகள் மெழுகில் செய்கிற அதே வேலை. உடம்பில் செய்தால், சீர்ப்படுத்தி வடிவம் கொடுப்பது.

கடைசியாக மூன்று கத்திகள். மூன்றும் உடன்பிறப்புகள், முகம் ஒன்றுபோல் இருக்கும், வேலை வேறு.

ஓ-டி-ஓ-எம்-வை, ஆட்டமி. வெட்டித் திறப்பது. லாப்ரோட்டமி, வயிற்றைத் திறப்பது. அறிவியலில் படித்த ஆட்டம், அதாவது அணு, இதற்கு அத்தை மகன். "டாம்" என்றால் வெட்டு, முன்னால் "அ" போட்டால் வெட்ட முடியாதது.

ஓ-எஸ்-டி-ஓ-எம்-வை, ஆஸ்டமி. நடுவில் ஓர் எஸ் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஸ்டோமா என்றால் வாய். வெட்டி மூடிவிடாமல் ஒரு வாய் வைப்பது. கொலாஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின்மேல் ஒரு வாய் வைத்து, மலம் பையில் சேரும்படி செய்வது. தற்காலிகமாகவும் இருக்கலாம், நிரந்தரமாகவும் இருக்கலாம். அந்த ஓர் எஸ் ஒரு மனிதனின் அன்றாட வாழ்க்கையை மாற்றுகிறது.

ஈ-சி-டி-ஓ-எம்-வை, எக்டமி. எக் என்றால் வெளியே. வெட்டி வெளியே எடுத்துவிடுவது. டான்சிலெக்டமி, கோலெசிஸ்டெக்டமி, ஹிஸ்டரெக்டமி. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது.

இப்போது இரண்டு வீட்டுக் கதை சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், அவரவருக்குத் தெரியும்.

நம் உறவில் ஒரு பெரியவர், வயது எழுபதைத் தாண்டியவர், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். மயக்கம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபோது சீட்டில் ஹைப்போகிளைசீமியா என்று எழுதியிருந்தது. வீட்டில் ஒருவர் அதை வெளிநாட்டில் இருக்கிற மகனுக்குப் போனில் படித்தார். அவர் காதில் ஹைப்பர் என்று விழுந்தது. ஹைப்பர் என்றால் மிகை, ஹைப்போ என்றால் குறை. போனில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. "இனிப்பைக் கண்ணில் காட்டாதீங்க, சோத்தைக் குறைங்க" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் பெரியவருக்கு மறுபடி வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. பதினோராம் வகுப்பு படிக்கிற பேத்தி சீட்டை எடுத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். பி-க்குப் பிறகு ஓ. "தாத்தாவுக்குச் சர்க்கரை ஏறலை, இறங்கியிருக்கு" என்று சொல்லி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் தாத்தா எழுந்து உட்கார்ந்து, "ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

எல்லார் வீட்டிலும் சர்க்கரை நோயாளி இருப்பதால் இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். மீட்டரில் 70-க்குக் கீழே போனால் அது ஹைப்போ. நினைவு இருந்து, விழுங்க முடிந்தால் சர்க்கரை கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டாவது கதை என் மாணவி ஒருத்தியுடையது. கல்யாணமாகி இரண்டு வருஷம். கருப்பையில் தசைக்கட்டி, ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் கையெழுத்துக்குத் தாள் வந்தது. கணவர் வாங்கி, பேனாவைத் திறந்துவிட்டார். இவள், "இருங்க, படிச்சிடறேன்" என்றாள். அதில் இரண்டு சொல். முதலாவது, மயோமெக்டமி. மயோ தசை, ஓமா கட்டி, எக்டமி எடுப்பது. தசைக்கட்டியை எடுப்பது. சரி. அடுத்த வரி, எஸ்.ஓ.எஸ். ஹிஸ்டரெக்டமி. ஹிஸ்டர் என்றால் கருப்பை. வால் அதே எக்டமி. எஸ்.ஓ.எஸ். என்பது "தேவைப்பட்டால்" என்கிற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள்.

முதல் சொல்லில் போவது கட்டி. இரண்டாவதில் போவது கருப்பையே.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கணும்" என்றாள். டாக்டர் வந்தார், உட்கார்ந்தார், படம் போட்டுச் சொன்னார். கட்டியை எடுக்கும்போது சில சமயம் ரத்தம் நிற்காமல் போகலாம், உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அந்த இரண்டாவது வரி. "எந்த நிலையில் அப்படி முடிவெடுப்பீங்க?" என்று இவள் கேட்டதற்கும் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவளே கையெழுத்துப் போட்டாள். எனக்குப் போன் செய்தபோது அவள் சொன்னது இதுதான்: "பயம் போகலை சார். ஆனா எதுக்குப் பயப்படறேன்னு தெரிஞ்சுது." ஆபரேஷனில் கட்டி மட்டும்தான் எடுக்கப்பட்டது. அப்படி இல்லாமல் போயிருந்தாலும், தெரிந்து போட்ட கையெழுத்துக்கும் தெரியாமல் போட்ட கையெழுத்துக்கும் வித்தியாசம் உண்டு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெல்லியில் 1995-இல் நடந்த விஷயம். 44 வயதுப் பெண்மணி ஒருவர் லாப்ராஸ்கோபிக்கு, அதாவது உள்ளே பார்ப்பதற்கு, கையெழுத்துப் போட்டார். லாப்ரோட்டமி, அதாவது வயிற்றைத் திறப்பது, தேவைப்படலாம் என்றும் தாளில் இருந்தது. அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி, ஹிஸ்டரெக்டமியும், அதோடு சால்பிங்கோ-ஊஃபரெக்டமியும் செய்துவிட்டார்கள். சால்பிங்கோ கருக்குழாய், ஊஃபர் கருமுட்டைப்பை, பிறகு அதே எக்டமி. கருப்பை, குழாய், முட்டைப்பை எல்லாம் போய்விட்டன. வழக்கு நடந்து நடந்து, 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் எடுப்பதற்கான சம்மதம் ஆகாது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதபோது, விவரம் தெரிந்த ஒரு பெண்ணுக்காகத் தாயாரே ஆனாலும் வேறொருவர் சம்மதம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நஷ்டஈடு 25,000 ரூபாய்.

ஸ்கோபி, ஆட்டமி, எக்டமி. மூன்று வால்களுக்கு நடுவில் ஒரு பெண்ணின் உடம்பு. நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து பிரித்துப் படித்த சொற்களை நாம் பேனாவைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் பிரித்துப் படிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். சொல்லை உடைக்கத் தெரிவது வேறு, நோயைக் கண்டுபிடிக்கத் தெரிவது வேறு. எழுத்துகள் உங்களுக்குக் கொடுப்பது பதிலை அல்ல, சரியான கேள்வியை. "என்னமோ ஆபரேஷனாமே டாக்டர்?" என்று கேட்பவருக்கு ஒரு பதில் கிடைக்கும். "எடுத்துடுவீங்களா, திறந்து பார்ப்பீங்களா?" என்று கேட்பவருக்கு வேறு பதில் கிடைக்கும். நான் பார்த்தவரையில், நல்ல டாக்டர்கள் இரண்டாவது கேள்வியைத்தான் விரும்புகிறார்கள்.

டாக்டர்களாக இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சிலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இந்தச் சொற்களுக்கெல்லாம் தமிழ் உண்டு. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர், மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்கு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தவர், பிறகு தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார், இல்லாத சொற்களுக்குச் சொல் தேடினார். தமிழில் படித்த வைத்தியன் ஊரிலேயே இருப்பான், ஊராருக்குப் புரியும்படி பேசுவான் என்பது அவர் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் அந்தக் காலத்தில் செய்ததை, திருவலஞ்சுழியிலும் பாபநாசத்திலும் பிறந்த நீங்கள் இரண்டு நிமிஷம் செலவழித்துச் செய்ய முடியாதா? சீட்டில் ஹிஸ்டரெக்டமி என்றே எழுதுங்கள். வாயால் மட்டும் "கருப்பையை எடுக்கணும்மா" என்று சொல்லுங்கள்.

நம் தஞ்சாவூரிலும் இதற்கு முன்னோடி உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 முதல் 1832 வரை) தன்வந்திரி மகால் வைத்து நடத்தினார். கண் நோய்க்கு வந்தவர்களைப் பற்றிய குறிப்புத் தாள்கள், கண்ணை வரைந்த வண்ணப் படங்களோடு, சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. இன்ன ஆள், இன்ன கோளாறு, இன்ன சிகிச்சை என்று ராஜா காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நோயாளியின் தாள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு ராஜா நினைத்தார். நம் வீட்டில் அது டிவி ஸ்டாண்டுக்கு அடியில், கேஸ் புத்தகத்தோடும் கல்யாணப் பத்திரிகையோடும் கிடக்கிறது.

நம் ஊர்க் கோயிலின் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அறுபது வருஷத்தின் பெயரால் அறுபது படி ஏறிப் போனால், மேலே இருப்பவர் அப்பனுக்குப் பாடம் சொன்ன பிள்ளை. என்ன பாடம்? ஓர் எழுத்தின் பொருள். அப்பாவுக்குத் தெரியாததைப் பிள்ளை சொல்வதில் நம் ஊருக்கு வெட்கமே இல்லை, அதைச் சாமியாக்கிக் கும்பிடுகிற ஊர் இது. வயலில் நின்ற அப்பாக்களும், பட்டறையில் மெழுகு பிடித்த அப்பாக்களும், தறியில் உட்கார்ந்த அம்மாக்களும் உங்களை இங்கிலீஷ் படிக்க வைத்தது ஏன்? பரீட்சையில் பாஸாகி வேலைக்குப் போக மட்டுமா? அவர்கள் கையில் ஒரு தாளை நீட்டி "இங்க கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது சொல்லும்போது, பக்கத்தில் நின்று "இருங்கப்பா, படிச்சுச் சொல்றேன்" என்று சொல்லவும்தான். நீங்கள் சென்னையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். வீடியோ காலில் தாளைக் காட்டச் சொல்லுங்கள். போனில் வாசிக்கச் சொல்லாதீர்கள், ஹைப்போ ஹைப்பர் ஆகிவிடும்.

வீட்டுப்பாடம் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரில் இருக்கிற அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரித் தாள்களை எல்லாம் ஒரே ஃபைலில் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொரு தாளிலும் ஆக நீளமான சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். மடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, தமிழில் பொருளைப் பக்கத்தில் எழுதி, அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உடைபடாத சொல் இருந்தால் கீழே கமெண்டில் போடுங்கள், சேர்ந்து உடைப்போம். ஆள் பெயரும் ஊரும் வேண்டாம், சொல் மட்டும் போதும். திங்கட்கிழமை காலை நோட்டுத் திருத்துகிற மாதிரி உட்கார்ந்து பார்க்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். மருந்தை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.